டோக்ரா பித்தளைப் பெட்டி: மூடி சிக்குகிறது, பச்சை பூக்கிறது, மண் கொட்டுகிறது... எங்கிருந்து தொடங்குவது?

கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கிய டோக்ரா பெட்டி (மெழுகு அச்சில் வார்த்த பித்தளைக் கைவினை), வீட்டில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதும் தன் குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கும். மூடி உட்காராது. மூடிக்குக் கைப்பிடியாக நிற்கும் யானையின் காதுக்குப் பின்னால் பச்சை பூக்கும். அலமாரிப் பலகையில் கறுப்பாகப் பொடி கிடக்கும். சரிசெய்யச் சொல்லி என்னிடம் வரும் பெட்டிகளில் பழுது பலவிதம், மூலம் அநேகமாக ஒன்றுதான்: தண்ணீர். யாராவது அதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுத் துலக்கியிருப்பார்கள். குத்துவிளக்கு அதைத் தாங்கும். இந்தப் பெட்டி தாங்காது.

காரணம் அது செய்யப்படும் விதத்தில் இருக்கிறது. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதி கொண்டாகாவ் ஆனாலும், வங்கத்தில் பாங்குராவை ஒட்டிய பிக்னா ஆனாலும், ஒடிசாவின் டெங்கானல் மாவட்டத்துச் சடேய்பரேணி ஆனாலும் முறை ஒன்றுதான். மண்ணில் ஒரு கரு பிடிப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து நூல்போல இழுத்து, அந்தக் கருவின் மேல் சுற்றுவார்கள். அதன் மேல் மண் பூசிச் சுட்டால் மெழுகு போய்விடும், அந்த இடத்தில் உருக்கிய பித்தளை இறங்கும். பெட்டியின் உடலுக்குள் இருந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். ஆனால் மூடியின் மேல் நிற்கும் யானை, மயில், ஆமை இவற்றின் வயிற்றுக்குள் மண் பல சமயம் அப்படியே தங்கிவிடும். அது தண்ணீரைக் குடித்தால் நாள்கணக்கில் வெளியே விடாது. நம் சுவாமிமலைச் சிலைகளும் மெழுகு வார்ப்புதான், ஆனால் அவை கெட்டி வார்ப்பு. உள்ளே மண் கிடையாது. அங்கே கேட்டுவந்த யோசனையை அப்படியே இங்கே செய்ய வேண்டாம்.

## எதையும் தொடுமுன்

மூன்று சோதனைகள், எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகாது.

ஒரு சிறு காந்தத்தைப் பெட்டி முழுக்க ஓட்டுங்கள். பித்தளையில் ஒட்டாது. கீலிலோ கொண்டியிலோ ஒட்டினால் அங்கே இரும்பு இருக்கிறது, துரு எதிர்பார்க்கலாம். உடல் முழுக்க ஒட்டினால் அது பித்தளைப் பூச்சுப் போட்ட இரும்புப் பெட்டி. இந்தக் குறிப்பு அதற்கு உதவாது.

அடுத்து, பெட்டியின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் பஞ்சு சுற்றிய குச்சியால் கொஞ்சம் அசிட்டோன் தொட்டுத் தேயுங்கள் (நகப்பூச்சு நீக்கியும் பெரும்பாலும் அதுதான்). பஞ்சில் பிசின்போல ஏதாவது வந்தாலோ, தேய்த்த இடம் மட்டும் வேறு பளபளப்பாகத் தெரிந்தாலோ, மேலே லாக்கர் (நிறமில்லாத வார்னிஷ்) பூச்சு இருக்கிறது. பூச்சுள்ள பெட்டிக்கு வைத்தியம் வேறு.

மூன்றாவது, மூடியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். கலகலவென்று ஏதோ ஓடினால் உள்ளே உதிர்ந்த மண் இருக்கிறது. சத்தமே இல்லை, ஆனால் பார்வைக்குத் தெரிவதைவிட மூடி கனக்கிறது என்றால் மண் கெட்டியாக அப்பியிருக்கிறது. இரண்டும் பழுது இல்லை. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

## மூடி உட்காரவில்லை, ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது

திசை மாறியிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது இதுதான். அச்சை உடைத்துத்தான் பொருளை எடுக்கிறார்கள் என்பதால் ஒவ்வொரு மூடியும் அதன் பெட்டிக்கு மட்டுமே பொருந்தும், அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு நிலையில். கீல் இல்லாத வட்டப் பெட்டியில் மூடியை விரலளவு விரலளவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். எங்கோ ஓரிடத்தில் சட்டென்று இறங்கி உட்காரும். அந்த நிலையில் மூடிக்கும் உடலுக்கும் உள்பக்கமாக ஒரு சிறு பென்சில் கோடு போட்டுவையுங்கள். கண்காட்சியில் இரண்டு பெட்டிகளின் மூடிகள் மாறிப்போவதும் உண்டு. சுற்றுப்பின்னல் இரண்டிலும் ஒரே கனமா என்று பாருங்கள்.

விளிம்பில் அழுக்கு. பாலிஷ் போட்டுத் துடைக்காமல் விட்டது வெள்ளையாக இறுகிக் கிடக்கும். மூங்கில் பல்குச்சியால் சுரண்டி எடுங்கள். ஊசி, கத்தி வேண்டாம்.

எங்கோ ஓரிடம் மேடாக இருக்கிறது. மெல்லிய தாளை விரலகல நாடாக்களாக வெட்டி, விளிம்பில் ஒன்றை வைத்து மூடியை மூடி, தாளை இழுத்துப் பாருங்கள். இப்படிச் சுற்றிலும் செய்யுங்கள். தாள் இறுகி மாட்டிக்கொள்ளும் இடம் மேடு, வழுக்கிக்கொண்டு வரும் இடம் இடைவெளி. மேட்டை இன்னும் துல்லியமாகப் பிடிக்க, உடலின் விளிம்பில் சாக்பீஸ் தடவி மூடியைப் போட்டு இலேசாக அசைத்து எடுங்கள். சாக்பீஸ் அழிந்த புள்ளிதான் குற்றவாளி. அந்தப் புள்ளியை மட்டும், 400-ஆம் எண் உப்புத்தாளை ஒரு ஐஸ்கிரீம் குச்சியில் சுற்றி நாலைந்து இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி சாக்பீஸ் போட்டுப் பாருங்கள். அவசரப்பட்டு அரம் எடுத்தால் மேடு பள்ளமாகிவிடும். ராவிய பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது.

விளிம்பு வளைந்திருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் மூடியைக் கவிழ்த்து வைத்து, உள்ளிருந்து வெளிச்சம் கசிகிறதா என்று கைபேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் நீளமாகக் கசிந்தால் பெட்டி எங்கோ விழுந்திருக்கிறது. இங்கேதான் பலரும் மரச் சுத்தியலை எடுக்கிறார்கள். எடுக்காதீர்கள். இவை பழைய பித்தளைச் சாமான்களை உருக்கி ஊற்றியவை. பழைய பித்தளையில் ஈயமும் கலந்திருக்கும். தட்டிச் செய்த குடம் அடியை வாங்கிக்கொண்டு நெளியும், வார்ப்பு நெளியாமல் வெடிக்கும். அரை மில்லிமீட்டர் இடைவெளி என்றால் அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. பார்க்கச் சகிக்காத அளவு என்றால் பட்டறைக்குக் கொண்டுபோகலாம்.

கையால் சுற்றிய மெழுகு நூலில் பிறந்த விளிம்பு கம்பாஸ் வைத்து வரைந்த வட்டமாக இருக்காது. நகம் நுழையும் இடைவெளி எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அதைப் பழுது என்று சொல்லாதீர்கள்.

## மூடி திறக்கவே மாட்டேன் என்கிறது

நெம்பாதீர்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிய தடம் போகவே போகாது.

முக்கால்வாசி நேரம் தேங்காய் எண்ணெய்தான் காரணம். பளபளப்புக்காகப் பூசிய எண்ணெய் விளிம்பில் சேர்ந்து, பித்தளையோடு வினைபுரிந்து பச்சைப் பசையாக இறுகியிருக்கும். முடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில் வைத்து, விளிம்பைச் சுற்றிலும் ஓரிரு நிமிடம் காட்டுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். பிறகு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு (பிடிமானத்துக்காக) மூடியைத் தூக்காமல் இடவலமாக ஆட்டுங்கள். அசைந்தால் வழி பிறந்துவிட்டது.

அசையவில்லையா? தையல் இயந்திர எண்ணெயை விளிம்பில் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு விடுங்கள். உள்ளே கடிதமோ புகைப்படமோ இருந்தால் இந்த எண்ணெய் வேலை கூடாது, சூடு மட்டும்தான்.

கீல் உள்ள பெட்டி என்றால் காந்தச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். கீல் ஊசி இரும்பாக இருந்தால் துரு ஊதிப்போய் ஊசியைக் கவ்வியிருக்கும். எண்ணெயைக் கீலின் இரு முனைகளிலும் விட்டு ஒரு நாள் பொறுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தும் அசையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஊசியைத் துளைபோட்டு எடுக்க வேண்டியிருக்கும், அது வெள்ளி வேலை செய்யும் பத்தர் கைக்குரிய வேலை.

## கீல் ஆடுகிறது, அல்லது ஊசி கழன்றுவிட்டது

நல்ல சேதி என்னவென்றால் இதுதான் இருப்பதிலேயே சுலபமான பழுது.

ஊசி மட்டும் போயிருந்தால் புதுக் கம்பி போடுங்கள். பித்தளைக் கம்பி கிடைத்தால் உத்தமம். கிடைக்காவிட்டால் வீட்டு வயரிங்குக்கான ஒற்றை இழைச் செப்புக் கம்பி போதும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி கிட்டத்தட்ட 1.4 மில்லிமீட்டர் தடிமன், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 1.8 மில்லிமீட்டர் தடிமன். கீல் துளைக்குள் தடையின்றிப் போய், அதே சமயம் லொடலொடக்காமல் நிற்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள். இரு முனையிலும் கொஞ்சம் நீட்டிவிட்டு மூக்குக் குறடால் மடக்குங்கள். சுத்தியலால் தட்டித் தலை பரப்ப வேண்டாம், கீல் வளையம் அடி தாங்காது. இரும்பு ஆணி, குண்டூசி, ஹேர்பின் எதுவும் வேண்டாம். பித்தளையோடு சேர்ந்த இரும்பு, அதுவும் கடலோர ஊரில், சீக்கிரம் துருப்பிடித்து மேலே சொன்ன பழுதில் கொண்டுபோய் விடும்.

ஊசி சரியாக இருந்தும் ஆடினால் வளையத்தின் துளை தேய்ந்து அகன்றிருக்கிறது. ஒரு சுற்றுப் பெரிய கம்பி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வளையமே உடைந்திருந்தால் அதுதான் எல்லை. உடைந்த துண்டைத் தொலைக்காமல் ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெவிக்விக், எம்சீல் எதுவும் தொடக்கூடாது. அந்தப் பசை உடைந்த வாயில் ஊறிவிட்டால் பிறகு பற்றவைக்கும்போது பொசுங்கிக் கரியாகும், பற்று பிடிக்காது. முழுக்கச் சுரண்டி எடுப்பதற்குள் பாதி வளையம் போய்விடும்.

## பச்சை பூத்திருக்கிறது

அதிகம் பேர் கேட்பதும், அதிகம் தவறு நடப்பதும் இதில்தான். பச்சை என்றாலே களிம்பு, களிம்பு என்றாலே புளி என்று போய்விடுகிறோம். பச்சையில் மூன்று வகை உண்டு. பூதக்கண்ணாடியும் மூங்கில் குச்சியும் இருந்தால் எது எது என்று பிரித்துவிடலாம். சுரண்டும்போது மூக்கு மூடி போட்டுக்கொள்ளுங்கள், வாயால் ஊதாதீர்கள். அந்தப் பொடி உடம்புக்கு ஆகாது.

### பிசுக்காக, கரும்பச்சையாக, குச்சியில் ஒட்டிக்கொண்டு வருகிறது

எண்ணெய்க் களிம்பு. குச்சியால் வழித்து எடுத்துவிட்டு, மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடையுங்கள். பஞ்சு சுத்தமாக வரும்வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அவ்வளவுதான். எண்ணெய் பூசுவதை நிறுத்தினால் திரும்ப வராது.

### இடுக்குகளில் வெள்ளையும் பச்சையுமாகக் காறையாக இறுகியிருக்கிறது

பாலிஷ் மிச்சம். டோக்ராவின் அழகே நூல் சுற்றிய வரிகளும் அவற்றுக்கு நடுவே உள்ள பள்ளங்களும்தான். பாலிஷ் பசை அங்கே போய் உட்கார்ந்துகொண்டு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிட்டைத் தொட்டு ஊறவிட்டு, மெத்தென்ற பல்துலக்கியால் வரியின் போக்கிலேயே தேயுங்கள், குறுக்கே வேண்டாம். கெட்டியாக நிற்பதை மூங்கில் குச்சியால் எடுங்கள். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காமல் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

### வெளிர்பச்சையாக, பவுடர் தூவியதுபோல, துடைத்தாலும் மறுபடி அதே இடத்தில் வருகிறது

இதுதான் கவலைப்பட வேண்டியது. உப்பு உலோகத்துக்குள் இறங்கிவிட்டது. புளியோடும் எலுமிச்சையோடும் உப்புச் சேர்த்துத் தேய்த்ததிலிருந்து வந்திருக்கலாம், கடற்காற்றிலிருந்து வந்திருக்கலாம். ஈரம் பட்டதும் அந்த உப்பு பித்தளையில் உள்ள செம்பைத் தின்று பொடியாக்கும், பொடிக்குக் கீழே சிறு குழி இருக்கும்.

பொடியை உலர்ந்த நிலையிலேயே துலக்கி எடுங்கள். தண்ணீர் வேண்டாம், புளி அறவே வேண்டாம். பெட்டியை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு கறுப்புத் தாளின் மேல் வையுங்கள். இரண்டு வாரம் திறக்காதீர்கள். தாளில் புதுப் பொடி எதுவும் விழவில்லை என்றால் தப்பித்தோம். பெட்டிக்குத் தேன்மெழுகு பூசி, உலர்ந்த இடத்தில் வைத்துப் புழங்கலாம். டப்பாவுக்குள்ளேயே பொடி விழுந்திருந்தால் வீட்டு வைத்தியம் இங்கே முடிகிறது. உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். அதுவரை டப்பாவிலேயே இருக்கட்டும்.

## செம்பு நிறத்தில், இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது

புளியிலோ வினிகரிலோ அதிக நேரம் கிடந்த பெட்டி. மேல்தோலில் இருந்த துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. கறை என்று நினைத்து மறுபடி புளி போட்டால் திட்டு பெரிதாகும்.

திட்டின் மேல் பித்தளை பாலிஷ் பசையைத் துணியில் துளியூண்டு எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் மேலோட்டமானது, அந்த மேட்டுப் பகுதிகளை மட்டும் தேய்த்துச் சமன் செய்துவிடலாம். தேய்த்தும் சிவப்பு மாறவில்லை, நகத்தால் கீறினால் மென்மையாக இருக்கிறது என்றால் ஆழமாக இறங்கிவிட்டது. அதை மாற்ற முடியாது. மேற்கொண்டு பரவாமல் மெழுகு பூசி வையுங்கள். அப்படியே பழகிவிடும், பார்க்க மோசமாகவும் இருக்காது.

## கறுத்துப் போச்சு

முதலில் ஒரு கேள்வி: வாங்கும்போதே பள்ளங்கள் கறுப்பாகத்தான் இருந்தனவா? ஆம் என்றால் தொடாதீர்கள். சூளையில் வெந்த மண்ணும் புகையும் வரிகளுக்கிடையே தங்கியதுதான் அந்தக் கறுப்பு. அது இருப்பதால்தான் மயிலின் தோகை தோகையாகத் தெரிகிறது. அதைச் சுத்தமாகத் துலக்கி எடுத்த பெட்டிகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். மொட்டையாக, எல்லாம் ஒரே மஞ்சளாக நிற்கும்.

மேட்டுப் பகுதி மங்கியிருந்தால் மட்டும் வேலை செய்யுங்கள். தீப்பெட்டி அளவு மரக்கட்டையில் பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றி, பாலிஷைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, மேலோட்டமாக ஓட்டுங்கள். துணி இறுக்கமாக இருந்தால் பள்ளத்துக்குள் இறங்காது. மேடு மின்னும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, தேன்மெழுகை மிக மெல்லிசாகப் பூசித் துடைத்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

அங்கங்கே மட்டும் விரல்ரேகைபோலக் கறுத்திருந்தால் அது வியர்வை. புதுசாக இருக்கும்போதே ஸ்பிரிட்டால் துடைத்தால் போய்விடும்.

## மூடியிலிருந்து மண் உதிர்கிறது

பயப்பட வேண்டாம், கரு மண்தான். கவனிக்க வேண்டியது அது எங்கிருந்து உதிர்கிறது என்பதும், அதன் ஓரத்தில் ஈரம் இருக்கிறதா என்பதும்.

மூடியை வெள்ளைத் தாளின் மேல் பிடித்து மெல்லத் தட்டிக்கொண்டே திருப்புங்கள். மண் விழும் பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் குண்டூசித் தலையளவு துளை ஒன்று தெரியும். பெரும்பாலும் யானையின் வயிற்றடியிலோ காலிடுக்கிலோ இருக்கும். துளையைச் சுற்றி நிறம் மாறாமல் இருந்தால் உள்ளே உலர்ந்திருக்கிறது. ஒரு துணுக்குத் தேன்மெழுகை விரலில் உருட்டித் துளையில் அமுக்கி, முடி உலர்த்தியைக் கொஞ்சம் காட்டுங்கள். 65 டிகிரிக்குள்ளேயே மெழுகு இளகித் துளையை அடைத்துக்கொள்ளும். வேண்டாம் என்று தோன்றினால் நாளைக்கு எடுத்தும் விடலாம், அதனால்தான் மெழுகு.

துளையைச் சுற்றிப் பச்சை வளையம் இருந்தாலோ, மண் பொடியாக விழாமல் கட்டியாக வந்தாலோ உள்ளே தண்ணீர் நிற்கிறது. அப்படியே அடைத்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவிடுவீர்கள். மூடியைச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு, இரண்டு நாளைக்கு ஒரு தரம் எடை பாருங்கள். குறைந்துகொண்டே வரும். தொடர்ந்து மூன்று தடவை ஒரே எடை காட்டினால் உலர்ந்துவிட்டது, அப்புறம் மெழுகு வைக்கலாம். அவசரத்துக்கு அடுப்பிலோ ஓவனிலோ வைத்துவிடாதீர்கள். உள்ளே மாட்டிய தண்ணீர் ஆவியானால் யானை வெடிக்கும்.

மண்ணை முழுக்கத் தோண்டி எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். உலோகச் சுவர் எங்கே மெல்லிசு என்று வெளியே இருந்து தெரியாது, கம்பி அந்தப் பக்கமாக வெளியே வந்துவிடும்.

## விரிசலா, வார்ப்பிலேயே வந்த ஓட்டையா?

இருட்டறையில் பெட்டிக்குள் டார்ச்சை வைத்து மூடுங்கள். ஒளி வரும் இடங்களை வெளியே இருந்து பாருங்கள்.

ஓட்டையின் ஓரம் உருண்டையாக, வழுவழுப்பாக இருந்தால் அது பிறவிக் குறி. அங்கே மெழுகு நூல்கள் சரியாகச் சேராமல் இருந்திருக்கும், அல்லது உலோகம் ஓடிவந்து சேருமுன் ஆறியிருக்கும். பெட்டிக்கு அதனால் ஆபத்து இல்லை. சிறு பொருள் விழாமல் இருக்க உள்ளே துணி விரித்தால் போதும்.

ஓரம் கூர்மையாக, முடிபோல மெல்லிய கோடாக, உள்ளே புது மஞ்சள் தெரிந்தால் விரிசல். கோட்டின் இரு முனைகளிலும் மெல்லிய மார்க்கரால் புள்ளி வைத்து, தேதியையும் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஒரு மாதம் கழித்துக் கோடு புள்ளியைத் தாண்டவில்லை என்றால் நின்றுவிட்டது, கையாளும்போது கவனமாக இருங்கள், போதும். தாண்டியிருந்தால் பட்டறைக்குப் போக வேண்டும். அதோடு, பெட்டி இருக்கும் இடத்தில் கண்ணாடி துடைக்கும் திரவம் தெளிக்கிறீர்களா என்றும் பாருங்கள். அம்மோனியா கலந்த திரவங்கள், முன்பே அடிபட்டு இறுக்கத்தில் இருக்கும் பித்தளையை வெடிக்கவைக்கும்.

## தொட்டால் பிசுபிசுக்கிறது, தோல் உரிகிறது

லாக்கர் போய்விட்டது. உரிந்த இடத்தில் மட்டும் காற்றுப் பட்டுக் கறுக்கும், மிச்சம் மின்னும். ஒட்டுப்போட முடியாது, மொத்தத்தையும் எடுப்பதுதான் ஒரே வழி. உள்ளே ஒட்டிய வெல்வெட் இருந்தால் அசிட்டோன் அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ உட்கார்ந்து, அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இல்லாமல், பஞ்சால் துடைத்துத் துடைத்து எடுங்கள். திரும்ப லாக்கர் அடிக்க வேண்டாம், மெழுகே நல்லது.

## உள்ளே வைத்தது கெட்டுப்போகிறது

நினைவுப்பொருள் பெட்டி என்று வாங்கியதே பொக்கிஷங்களை வைக்கத்தான். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

துணி பச்சையாகிறது என்றால் பெட்டியின் உட்புறத்தில் களிம்பு இருக்கிறது, மேலே சொன்னபடி துடைத்து மெழுகு பூசுங்கள். கடிதங்களும் பழைய புகைப்படங்களும் பித்தளையை நேரடியாகத் தொடக்கூடாது. தொட்ட இடம் நாளடைவில் பழுப்பேறி ஒடியும். ஒளிபுகும் பாலியெஸ்டர் உறையில் போட்டு வையுங்கள். வெள்ளிக் கொலுசு கறுக்கிறது என்றால் அதைக் கட்டிய ரப்பர் பேண்டைச் சந்தேகியுங்கள், ரப்பரில் கந்தகம் இருக்கிறது. பருத்தி நூலால் கட்டுங்கள். குழந்தையின் தொப்புள்கொடி, முதல் முடி, பால் பல் இவற்றை நன்றாக உலரவைத்துச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, குப்பியைப் பெட்டியில் வையுங்கள். விபூதி, குங்குமத்தையும் அப்படியே, குப்பியில்தான். ஈரத்தை இழுப்பவை அவை. சாப்பிடும் பொருள் எதுவும் இந்தப் பெட்டியில் வேண்டாம், ஈயக் கலப்பை மறக்காதீர்கள்.

## மேசையில் வைத்தால் ஆடுகிறது

நாலு காலும் ஒரே உயரமாக இருக்காது. குட்டையான காலின் அடியில் கார்க் துண்டு ஒட்டுங்கள். நெட்டையான காலை ராவாதீர்கள்.

## யாரிடம் கொண்டுபோவது

கீல் வளையம், கொண்டி, சிறு விரிசல் என்றால் வெள்ளி வேலை செய்யும் பத்தர். ஈயப்பற்று 200 டிகிரிக்குள் உருகும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கீல் பாரத்தைத் தாங்காது. வெள்ளிப்பற்று 600 டிகிரிக்கு மேல் போகும், உறுதியாக நிற்கும், ஆனால் சுற்றிலும் நிறம் மாறும். எது வேண்டும் என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். பெரிய உடைசலுக்குப் பாத்திரப் பட்டறை. இரண்டு இடத்திலும் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது: "அண்ணே, மூடிக்குள்ள மண் இருக்கு." ஈர மண்ணோடு நெருப்புக் காட்டினால் வெடித்து அவர் முகத்தில்தான் அடிக்கும். மூடியை உலரவைத்து, எடை நிலையான பிறகே கொண்டுபோங்கள்.

மறுபடி மறுபடி வரும் வெளிர்பச்சைப் பொடிக்கும், தாத்தா காலத்துப் பெட்டிக்கும் பட்டறை வேண்டாம், அருங்காட்சியகப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு நிபுணர்தான் வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வெண்கலங்களைக் காப்பதற்காகவே 1930-இல் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். இந்த மாதிரிக் களிம்புக்கு யாரைப் பார்க்கலாம் என்று அங்கே விசாரிக்கலாம். 100 வருஷத்துக்கு மேற்பட்ட பெட்டி என்றால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள் கணக்கில் வரும். கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

கொடுத்தனுப்பும்போது மூடியையும் உடலையும் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்றுங்கள். எந்தத் துளையில் மெழுகு வைத்தீர்கள், என்ன பூசினீர்கள், பென்சில் கோடு எங்கே இருக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள்.